அலுமாரியைப் பார்த்தபடி திருத்திய கணினி

மாமி, இன்று காலை உங்கள் கணினியை இயக்கினேன். பத்து நிமிடம் போயிருக்கும், பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சாம்பிராணி மணம் வரத் தொடங்கியது. வேறு எந்த வீட்டிலும் கணினி சூடாகும்போது இப்படி மணக்காது என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை பின்னேரங்களில் நீங்கள் புகைச்சட்டியோடு வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியாக இந்த அறைக்குள் வந்து மேசைக்குக் கீழேயும் ஒருமுறை காட்டுவீர்கள். உள்ளே சுழலும் சின்ன விசிறி அந்தப் புகையை ஆசையோடு இழுத்துக்கொள்ளும். புகை கணினிக்குக் கூடாது என்று பாடப்புத்தகத்தில் வாசித்ததை நான் சொன்னேன். "அதுக்கும் பரக்கத் வேணுந்தானே" என்றீர்கள். கணினிக்கும் இறையருள் வேண்டுமா என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

நீங்கள் மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் ஒரு நோன்பும் இரண்டு பெருநாட்களும் போய்விட்டன. இன்று கணினியை இயக்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு அக்கா போன்ற ரிஸ்மியா ராத்தா கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறார், பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வந்து போன பிறகுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உள்ளதையெல்லாம் முதலில் எழுதவேண்டும். நீங்கள் என் கட்டுரைகளைப் பற்றிச் சொல்வதுபோல், நான் வீட்டுக்குள் வருவதற்கு முன் முற்றத்தை முழுதாகக் கூட்டிவிட்டுத்தான் வருவேன்.

பள்ளிவாசல்துறையில் பெண்களின் கலியாண அல்பங்கள் எல்லாம் இந்த அறையில்தான் உருவாகின. ஆண்கள் இருக்கும் ஸ்டூடியோவுக்குத் தங்கள் படங்களைக் கொடுக்க விரும்பாதவர்கள், பென்ட்ரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு உங்களிடம் வருவார்கள். முந்தலிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். உங்களுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. இந்தக் கணினிக்கு இணையம் கிடையாது, ஒருநாளும் கிடையாது. படத்தை அதற்குரியவளும் நீங்களும் தவிர யாரும் பார்க்கக்கூடாது. உங்கள் சொந்த மருமகளான, உடன்பிறந்தவரின் மகளான நானும் அந்த "யாரும்" என்பதற்குள் அடக்கம்.

பழைய கணினியைக் கடற்காற்று தின்றுவிட்டது. ஆணிகள் துருப்பிடித்து, ஒருநாள் நடுவேலையில் அது நின்றுபோனது. உங்கள் மகன் கட்டாரிலிருந்தே புத்தளம் டவுனில் ஒரு கடைக்காரரிடம் பேசி, புதுப் பெட்டியும் புதுத் திரையும் ஏற்பாடு செய்தார். பழையதற்குள் இருந்த, படங்களைச் சேமிக்கும் தட்டு தப்பியிருந்தது. அதையும் கடைக்காரர் புதுப் பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்தார். புதிய படத்திருத்த மென்பொருளைப் போட்டுத் தரவா என்று கேட்டார். அது எப்படி வேலை செய்யும் என்று நீங்கள் விசாரித்தீர்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் போய்த் தன்னைப் பதிந்துகொள்ளும் என்றார். "என்ட வேலைய நான் பாக்கிறதுக்கு அது யார்ட்ட போய்க் கேக்கோணும்?" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் டின்னுக்குள் இருந்த உங்கள் பழைய மென்பொருளின் சீடியை அவரிடம் நீட்டினீர்கள். அந்த மென்பொருள் என்னைவிட வயதில் மூத்தது. கடைக்காரர் அதைப் பென்ட்ரைவில் ஏற்றித் தந்துவிட்டு, இது ஓடினால் எனக்கும் சொல்லுங்கள் என்று சிரித்தாராம்.

ஓடத்தான் வேண்டியிருந்தது. பழைய கணினி நின்றபோது ஒரு வேலை பாதியில் இருந்தது. அது ரிஸ்மியா ராத்தாவின் உம்மாவின் படம்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பம் அது. வந்தபோது கையில் எடுத்த சாமான்களுக்குள் ஒரு புத்தகத்தின் நடுவே அந்த ஒற்றைப் படம் இருந்தது. ராத்தாவுக்கு இரண்டு வயதாகும்போது உம்மா மவுத்தாகிவிட்டார். அந்த முகம் ராத்தாவுக்கு நினைவில் இல்லை. படமோ ஈரம் பட்டு, வாயின் குறுக்கே மடிந்து, பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. நீங்கள் அதை ஸ்கேன் செய்த மறுவாரம், கடதாசியே உதிர்ந்துபோனது. பிறகு அந்தப் பெண்ணின் முகம் இந்த உலகத்தில் உங்கள் தட்டில் இருந்த ஒரே ஒரு கோப்பில் மட்டும்தான் இருந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் லேயர் லேயராக ஏழு வாரம் வேலை செய்திருந்தீர்கள். ராத்தாவுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் கணவரோடு கட்டாருக்குப் போகவேண்டும். உம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள்.

"வாசிக்கிற புள்ளதானே, வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. புதிதாகத் தைத்த உடுப்பைப் போட்டுப் பார்க்கும் சந்தோஷத்தோடு புதுக் கொப்பி ஒன்றும் சிவப்புப் பேனையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

வாசலிலேயே சோதனை. என் உம்மாவின் போனைக் கொண்டுவந்திருந்தேன், தேடிப் பார்க்க உதவும் என்று. "போனுக்கும் கண்ணிரிக்கி" என்று அதை வாங்கிக்கொண்டுபோய்க் குசினியில் அரிசி வாளிமேல் வைத்தீர்கள். ஆகவே நமது வேலை இப்படி நடந்தது: அறைக்குள் கோளாறு என்னவென்று கேட்டுக்கொள்வேன், குசினிக்குப் போவேன், அரிசி வாளிக்குப் பக்கத்தில் நின்று போனில் தேடுவேன், கிடைத்ததைக் கொப்பியில் எழுதுவேன், திரும்ப அறைக்கு வருவேன். ஒரு பின்னேரத்தில் இருபது தடவையாவது நடந்திருப்பேன். நீங்கள் ஒருமுறை, மக்காவுக்குப் போகாமலே, ஹஜ்ஜில் இரு குன்றுகளுக்கிடையே ஓடும் ஓட்டத்தை நான் பழகிவிட்டேன் என்றீர்கள்.

முதல் கோளாறு எனக்கு இன்னும் பிடித்தமானது. மென்பொருளைத் திறந்தால், வேலை செய்ய இடம் போதாது என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து சொன்னது. புதுத் தட்டோ வெறுமையாகக் கிடந்தது. குசினியில் இரண்டு மணித்தியாலம் தேடினேன். அந்தக் காலத்து மென்பொருளுக்கு அவ்வளவு பெரிய எண்ணை எண்ணத் தெரியாதாம். எண்ணிக்கை அதன் எல்லையைத் தாண்டியதும், ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டிவிடுமாம். நான் வந்து விளக்கியபோது நீங்கள் இப்படிச் சுருக்கினீர்கள்: "அப்ப இடம் கூடினதால இடமில்லெண்டு சொல்லுது." ஆமாம் மாமி, அதேதான். பெரிய தட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டை வேறாகப் பிரித்து, இதுதான் உன் இடம் என்று அதற்குக் காட்டினோம். உடனே சமாதானமாகிவிட்டது.

இரண்டாவது, பொத்தான்கள். புதுத் திரையில் புள்ளிகள் அதிகம், பழைய மென்பொருள் ஒவ்வொரு பொத்தானுக்கும் பழைய கணக்கில்தான் புள்ளிகளை ஒதுக்கும். ஆகவே எல்லாம் சுருங்கிப்போய்விட்டன. "எல்லாம் கூனி இறால் மாதிரி கெடக்கு, எதத் தொடுறதெண்டே வெளங்கல்ல" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். திரையின் அளவைக் குறைத்து அதையும் சரிசெய்தோம்.

ஒவ்வொரு திருத்தத்தையும் கழுதைப் படத்தில்தான் சோதிப்போம். அது உங்கள் வாசலில் காயப்போட்ட பாயைத் தின்றுகொண்டிருந்த கழுதை. கோபத்தில் நீங்களே எடுத்த படம். நான் பார்க்க அனுமதி உள்ள ஒரே படம் அதுதான். அதன் வாலை நீளமாக்கினோம், கலரை மாற்றினோம், பாயை அழித்தோம், பிறகு பாவம் என்று திரும்பக் கொடுத்தோம். கழுதை சரியாக வந்துவிட்டால் நான் எழுந்து அலுமாரிப் பக்கம் திரும்பி நிற்பேன். நீங்கள் வேறொரு பெண்ணின் சின்னப் படம் ஒன்றைத் திறந்து பார்ப்பீர்கள். திரையில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் வாயால் சொல்லவேண்டும், நான் அலுமாரியின் பூட்டைப் பார்த்துக்கொண்டு கேட்கவேண்டும். கண் வைத்தியர் நோயாளியின் கண்ணைப் பார்க்காமல் மருந்து எழுதுவதுபோல என்று ஒருநாள் நான் முறையிட்டேன். பூட்டுக்கு எண்ணெய் போடவேண்டும், அதைக் கவனித்தாயா என்று கேட்டீர்கள்.

மூன்றாவது கோளாறு ஒன்று இருந்தது, அதை நாங்கள் இருவருமே பெரிதாக எடுக்கவில்லை. மென்பொருள் ஒவ்வொரு நாள் காலையிலும் எல்லாவற்றையும் மறந்துவிடும். தூரிகையின் அளவு, கருவிகள் இருந்த இடம், எதுவும் ஞாபகம் இருக்காது. "வயசு போனா மறதி வாறதுதானே" என்று நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். நானும் கொப்பியில் "மறதி" என்று மட்டும் எழுதி அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

பிறகு, ராத்தா போவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, அவர் உம்மாவின் கோப்பை முதல்தடவையாகத் திறக்கப் பார்த்தீர்கள். நான் அலுமாரியைப் பார்த்து நின்றேன். ஒரு மணிச்சத்தம் கேட்டது. "என்னமோ கேக்குது மகள்" என்றீர்கள். என்ன கேட்கிறது என்றேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒவ்வொரு சொல்லாக வாசித்தீர்கள்: கோப்பைத் திறக்க முடியவில்லை, எழுத முடியவில்லை, அவ்வளவுதான். சரி என்ற பொத்தானை அழுத்தினீர்கள். பெட்டி போய்விட்டது, படம் வரவில்லை.

மூன்று நாள், மாமி. கழுதை ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத் திறந்தது. ராத்தாவின் உம்மா திறக்கவில்லை. நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் பார்த்தேன். பழைய கணினி என்று மென்பொருளை ஏமாற்றும் அமைப்பைப் போட்டுப் பார்த்தேன். கோப்பின் பெயரை மாற்றினேன், வேறு தட்டில் வைத்தேன். தட்டு பழுதாகி, கோப்பே கெட்டுவிட்டதோ என்ற பயத்தை மட்டும் கொப்பியில் எழுதவில்லை. உங்களுக்கும் அந்தப் பயம் வந்திருந்தது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் பகிடி விட்டுச் சிரிப்பதை நிறுத்தியிருந்தீர்கள்.

இரண்டு நாள் மிச்சம் இருந்தபோது, டவுன் ஸ்டூடியோ ஒன்றுக்குப் பென்ட்ரைவில் கொண்டுபோனால் புதிய மென்பொருளில் திறந்து தருவார்கள் என்று சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை. அந்தப் படத்தில் அந்தப் பெண் குளித்துவிட்டுத் தலைமுடியைக் காயவிட்டபடி நிற்கிறாள், முக்காடு இல்லை என்று அப்போதுதான் எனக்குச் சொன்னீர்கள். வீட்டுக்குள் யாரோ தங்கச்சி விளையாட்டாக எடுத்த படமாக இருக்கும். "அவ உசிரோட இருந்தா ஒரு ஆம்புள கையில இதக் குடுப்பாவா? இல்லாத ஆளுக்கு நாமதானே வாய்" என்றீர்கள். நான் ஒரு தடவை திரையைப் பார்க்க முடிந்தால் போதும் என்று மட்டும் கேட்டேன்.

நீங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனீர்கள். எங்கே போகிறீர்கள் என்று சொல்லவில்லை. அரை மணித்தியாலத்தில் ரிஸ்மியா ராத்தாவோடு திரும்பி வந்தீர்கள். கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை அவருக்கு. விஷயத்தை வழியிலேயே சொல்லியிருந்தீர்கள் போல. வந்து கதிரையில்கூட உட்காராமல், "அவ பாக்கட்டும் மாமி. எங்கட உம்மாவப் பாக்க இன்னொரு ஆள் கூடினா நல்லந்தானே" என்றார்.

"அப்ப திரும்பு மகள்" என்றீர்கள்.

திரும்பினேன். நீங்கள் கோப்பைத் திறக்க, மணி அடிக்க, அந்தப் பெட்டி வந்தது. நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டிய சொற்கள் எல்லாம் இருந்தன. அவற்றின் நடுவே, நீங்கள் வாசிக்காத ஒன்றும் இருந்தது. கோப்புறையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாக நான்கு கேள்விக்குறிகள். ஏதோ கேட்கிறது என்று நீங்கள் சொன்னதற்கு அதுதான் காரணம். அவற்றுக்கு வாயால் சொல்ல ஒரு சத்தம் இல்லாததால் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

புதுக் கணினி வந்த முதல் நாள், இதைப் பாவிக்கப்போகிறவரின் பெயர் என்ன என்று திரை கேட்டது. நீங்கள் தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தீர்கள். நான் பெருமையாகத் தமிழில் "மாமி" என்று எழுதினேன். எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், நாங்கள் ஏன் எழுதவேண்டும் என்று எனக்குள் ஒரு சின்னச் சொற்பொழிவே நடந்தது. கணினி அதை ஏற்றுக்கொண்டு, அந்தப் பெயரிலேயே கோப்புறை ஒன்றை உண்டாக்கியது. ஆனால் உங்கள் பழைய மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது; இரண்டு ம, அவற்றின் இரண்டு குறிகள் என்ற நான்கையும் கேள்விக்குறிகளாக்கிவிட்டது. அந்தக் கோப்புறைக்குள் போகும் வாசல் அதற்குத் தெரியவில்லை. தன் ஞாபகங்களை இரவில் வைத்துவிட்டுப் போகவேண்டிய இடம் அது. அதனால்தான் ஒவ்வொரு காலையும் மறதி. பெரிய படங்களைத் திறக்கும்போது தற்காலிகமாக எழுதிவைக்கும் இடமும் அதுவே. கழுதை சின்னப் படம், அதற்கு அந்த இடம் தேவைப்படவில்லை.

ராத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், பிழை என்னுடையது என்று சொன்னேன். பன்னிரண்டு நாளில் பத்து நாளை நான்தான் தின்றேன் என்று சொன்னேன். நீங்கள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "அப்ப இவ்வளவு நாளும் இது என்ட பேரத் தெரியாமத்தான் இரிந்தீக்கி" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினீர்கள். மூன்று நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. ராத்தாவும் சிரித்தார். நான் மட்டும் அழுதேன், கொஞ்சம்தான்.

உடனே பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். திரும்பவும் அதே பெட்டி, அதே கேள்விக்குறிகள். குசினிக்கு ஓடினேன். வெளியே தெரியும் பெயரை மாற்றினாலும், முதலில் உண்டான கோப்புறையின் பெயர் மாறாது என்று அரிசி வாளிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். புதுக் கணக்கொன்றுதான் தொடங்கவேண்டும். இம்முறை என்ன பெயர் வைப்பது என்று உங்களிடமே கேட்டேன். "என்ட பேரப் போட்டு இனிப் பட்டது போதும். கழுதெண்டு வை" என்றீர்கள். ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்தேன். இன்று காலையும் இந்தத் திரை என்னைக் கழுதை என்று அழைத்துத்தான் வரவேற்றது.

கோப்பு திறக்க நேரம் எடுத்தது. நீலக் கோடு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. முதலில் சாம்பல் நிறம் வந்தது, பிறகு ஒரு சுவர், ஒரு கிணற்றுக்கட்டு, ஈரத் தலைமுடி. பிறகு முகம். இருபது வயதிருக்கும். படத்துக்கு வெளியே நின்ற யாரையோ பார்த்து, வாய் திறந்து சிரிக்கிறார். மடிப்பு விழுந்து கிடந்த அந்த வாயை நீங்கள் ஏழு வாரமாகத் துப்புரவாக்கியிருந்தீர்கள்.

ராத்தா திரைக்கு மிக அருகில் போனார். பிறகு தன் மேல்வரிசையில், மற்றப் பல்லின்மேல் ஏறி நிற்கும் அந்த ஒரு பல்லைத் தொட்டுக்கொண்டு, "இந்தப் பல்லு ஒனக்கு எங்கால வந்ததெண்டு எல்லாரும் கேப்பாங்க" என்றார்.

திரையில் இருந்தவரின் வாயிலும் அதே இடத்தில் அதே பல். கலியாண அல்பம் முழுக்க ராத்தா வாயை மூடிக்கொண்டுதான் சிரித்திருப்பார் என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். அன்று மூடவில்லை. நீங்கள் அந்தப் பல்லை வரைந்தீர்களா என்று நான் இரகசியமாகக் கேட்டேன். "நான் ஒண்டும் வெக்கல்ல. மறைச்சிரிந்தத எடுத்தன்" என்றீர்கள். மறுநாள் இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்தீர்கள். அடுத்த நாள் அவர் உம்மாவோடு கட்டாருக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம்தான் உங்களுக்கு இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்த ஏழு மாதத்தில் நாங்கள் தீர்த்த கோளாறுகள் இன்னும் பதினொன்று, கொப்பியில் இருக்கின்றன. தூரிகையின் வட்டம் காணாமல் போனது, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது, நீங்கள் கோபத்தில் வயரைப் பிடுங்கியது. கடைசியாகச் சொன்னது கோளாறு இல்லை என்று வாதாடினீர்கள். பிறகு ஒரு காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். நான் பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

உங்களுக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து, அல்பத்தைப் பார்த்துத் திருப்தி என்று சொன்ன பிறகு, அந்தப் பெண்ணையே பக்கத்தில் இருத்தி, அவளுடைய படங்களை அவள் கண்முன்னே அழிப்பீர்கள். நீங்கள் போன பிறகு, வேலை முடியாமல் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக என் உம்மாவிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். நான்தான் இந்தக் கதிரையில் இருந்தேன். அவரவர் படத்தை அவரவர் பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்து, அவர்கள் பார்க்க அழித்தேன். எல்லாருடையதும் முடிந்து, பிரயாண அவசரத்தில் அழிக்காமல் விட்ட ரிஸ்மியா ராத்தாவின் கோப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

இன்று அவர் ஐந்து மாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு இன்னும் பல்லே வரவில்லை, ஆனால் ராத்தா அதைப் பற்றித்தான் அதிகம் கதைத்தார். படத்தைத் திறந்து காட்டினேன். பிள்ளை திரையைத் தட்டியது. பிறகு நான் உங்கள் வழக்கத்தைச் சொல்லி, அவருக்கு ஒரு பிரதியைப் பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்து, இனி இதை அழிக்கவா என்று கேட்டேன்.

ராத்தா பென்ட்ரைவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "இது தொலஞ்சிட்டா? வீடு மாறுவம், ஊர் மாறுவம். எங்கட குடும்பத்துக்கு அது பழக்கந்தானே. அழிக்காதீங்க. உங்கட மாமிட்டக் குடுத்தது, இனி உங்கட்ட இரிக்கட்டும்" என்றார்.

பிறகு, இந்தக் கணினியும் ஒருநாள் பழசாகும், இந்த மென்பொருள் இன்னும் பழசாகும், அப்போது இது திறக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. தெரியாது என்றுதான் சொல்ல நினைத்தேன்.

"திறக்காட்டி, திறக்க வெப்பன் ராத்தா" என்றேன்.

அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். அவர் வாசல் கடப்பைத் தாண்டும்வரை நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். திரும்ப வந்து இந்தக் கதிரையில் இருந்த பிறகுதான், என்ன சொல்லிவிட்டேன் என்று பயந்தேன். மாமி, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒவ்வொரு பெண்ணும் தன் படத்தை நீட்டியபோதெல்லாம் உங்களுக்கும் இதே பயம் இருந்திருக்கும். ஒருநாளும் நீங்கள் அதை எங்களுக்குக் காட்டவில்லை. அதை இப்போது நான் வைத்திருக்கிறேன். பாரம்தான், ஆனால் கீழே வைக்க எனக்கு மனமில்லை.